மஷெட்டி வேண்டாம், வெட்டுகத்தி போதும்

2025 தீபாவளிக்கு மெல்போர்னில் ஒரு நண்பர் வீட்டில் சாப்பாடு. கேசரி முடிந்து காபி வருகிற நேரத்தில் பேச்சு ஊர் நிலத்துக்குப் போய்விட்டது. (நாற்பதைத் தாண்டிய நாலு ஆம்பளைகள் கூடினால் ஒன்று கொலஸ்ட்ரால், இல்லாவிட்டால் ஊர் நிலம்.) அதில் ஒருவர் திருவனந்தபுரத்தில் பெண் எடுத்தவர். பொன்முடி அடிவாரத்தில் விதுரா பக்கம் 40 சென்ட் வாங்கிப் போட்டிருக்கிறார்.

"அண்ணே, நீங்க பொன்முடிக்காரர்தானே? எடம் பூரா காடு மண்டிக் கெடக்கு. பாத்துக்கிற ஆளுக்கு ஒரு நல்ல மஷெட்டி வாங்கிட்டுப் போகலாம்னு இருக்கேன். இது எப்படி?" என்று கைபேசியை நீட்டினார். கன்னங்கரேலென்று ஒரு தகடு. முதுகில் ரம்பப் பல். நடுவில் மூணு ஓட்டை. பிடியில் பச்சைக் கயிறு சுற்றியிருக்கிறது. நாலரை நட்சத்திரம்.

பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். விக்டோரியாவில் 2025 மே மாதக் கடைசியில் மஷெட்டி விற்பனையை நிறுத்தினார்கள், செப்டம்பர் 1 முதல் வீட்டில் வைத்திருப்பதே குற்றம், நவம்பர் 30 வரை ஒப்படைக்க அவகாசம் கொடுத்தார்கள். அவர் தன்னுடையதைக் காவல் நிலையத்தில் வைத்த பெட்டியில் போட்டுவிட்டு வந்தவர். "நான் போட்டது இதே மாடல்தான். இதை வச்சு ஒரு ரோஜாச் செடிகூட வெட்டினதில்ல" என்றார்.

நான் கொஞ்சம் சூடாகிவிட்டேன். வீட்டுக்காரம்மா மேஜைக்கு அடியில் கிள்ளியதால் பாதியில் நிறுத்தினேன். மீதிப் பாதி இங்கே.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். வெட்டப்போவது நீங்கள் இல்லையென்றால் கத்தியைத் தேர்ந்தெடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. வெட்டுகிறவர் தேர்ந்தெடுக்கட்டும், நீங்கள் காசைக் கொடுங்கள். அதையும் ஊர்க் கொல்லனிடம் கொடுங்கள். கோபப்படுவீர்கள், தெரியும். நானும் ஒரு காலத்தில் கோபப்பட்டவன்தான். அந்தக் கதைக்கு வருகிறேன், முதலில் நிலத்தைப் பார்ப்போம்.

கல்லாறிலிருந்து 22 கொண்டை ஊசி வளைவு ஏறினால் பொன்முடி. சுமார் 1,100 மீட்டர் உயரம். சுற்றுலா வருகிறவர்களுக்கு மூடுபனியும் தேயிலையும் கண்ணில் படும். அங்கே 62 சென்ட் வைத்திருக்கிறவனுக்கு மழைதான் கண்ணில் படும். தென்மேற்கு ஜூனில் வரும், அது முடிந்து மூச்சு விடுவதற்குள் வடகிழக்கு. இரண்டு மழைக்கும் இடையில் செடி உங்களைக் கேட்காமல் ஆளுயரம் வளரும். எங்கள் இடம் அடிவாரச் சரிவில் இருக்கிறது. கொஞ்சம் ரப்பர், கொஞ்சம் மிளகு, மீதி கடவுள் விட்ட வழி.

அந்த மீதியில் என்னென்ன வளர்கிறது என்று தெரியாமல் கத்தி பற்றிப் பேசுவது வீண். மலையாளத்தில் 'கம்யூனிஸ்ட் பச்ச' என்று ஒரு செடி. வேகமாகப் பரவியது என்பதால் வந்த பெயர் என்பார்கள். தண்டு மெத்து, எந்தக் கத்திக்கும் விழும். அடுத்தது 'திருதராஷ்டிரப் பச்ச'. பீமனைத் தழுவி நொறுக்கப் பார்த்தாரே, அந்தத் திருதராஷ்டிரர். மரத்தைக் கட்டிப்பிடித்தே சாகடிக்கும் கொடி, பெயர் வைத்தவன் ரசிகன் :-) இதை நீளமான கத்தியால் சும்மா சீவினால் ஒவ்வொரு துண்டும் கணுவில் வேர்விட்டுப் புதுக்கொடி ஆகும். வளைந்த மூக்குள்ள கத்தியால் கொளுவி இழுத்து, அடியில் அறுத்து, சுருட்டிக் குவிக்க வேண்டும். அப்புறம் ஆனைத்தொட்டாவாடி. முள் முழங்கை வரை கிழிக்கும், அதற்கு ஒரு கையில் கவைக்கம்பு வேண்டும், மற்றக் கையில் இலேசான கத்தி. ஈற்றல் இருந்தால் கதையே வேறு. அதைச் சரிவாக வெட்டினால் தரையில் ஈட்டி நட்ட மாதிரி நிற்கும், அடுத்த வருடம் யார் காலிலாவது ஏறும். தரையோடு தட்டையாக வெட்ட, கனமான கத்தி தேவை. உண்ணிச்செடிக்குக் கத்தியே மருந்தில்லை. மேலே வெட்டினால் அடியிலிருந்து பத்தாகத் துளிர்க்கும், கூந்தாலியால் வேரோடு பெயர்த்துத் தலைகீழாகப் போட வேண்டும்.

இவ்வளவும் ஒரே 62 சென்டில். இதற்கு 'பெஸ்ட் மஷெட்டி' எது என்று கேட்டால் நான் என்ன சொல்ல? மஷெட்டி என்று நாம் சொல்வது பெரும்பாலும் லத்தீன் அமெரிக்க வடிவம். 18 அங்குலம், இரண்டு மில்லிமீட்டர் கனம், கரும்புக்கும் புல்லுக்கும் மெத்துத் தண்டுக்கும் பிறந்தது. அதைச் செய்து உலகம் முழுக்க விற்ற கம்பெனிகளுக்கே இந்த விஷயம் தெரிந்திருந்தது. அமெரிக்காவில் கனெக்டிகட்டில் காலின்ஸ் என்று ஒரு தொழிற்சாலை, 1826 முதல் 1966 வரை நடந்தது. ஒரே கத்தியை எல்லோருக்கும் அவர்கள் விற்கவில்லை. ஒவ்வொரு நாட்டுக்கும், ஒவ்வொரு பயிருக்கும் தனித்தனி வடிவம் அடித்துக் கொடுத்தார்கள். கியூபாக்காரன் கத்தியைப் பெருக்காரன் வாங்கமாட்டான் என்பது கனெக்டிகட்டில் உட்கார்ந்திருந்தவனுக்குத் தெரிந்தது. மெல்போர்னில் உட்கார்ந்திருக்கும் நமக்குத் தெரியவில்லை.

சின்ன வயதில் தேயிலைத் தோட்டத்தில் இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்பா ஒரு தோட்டத்தில் குமாஸ்தாவாக இருந்தார். தேயிலையை நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை கவாத்து வெட்டுவார்கள், விட்டுவிட்டால் மரமாகிவிடும். இப்போது அதற்கு மெஷின் வந்துவிட்டது, அப்போது கவாத்துக் கத்தி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்தும் நாகர்கோவில் பக்கத்திலிருந்தும் வந்த ஆட்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் கத்தி. காலையில் ஓடைக்கல்லில் அவரே தீட்டுவார். ஒரே வெட்டில் குச்சி பிளக்காமல் விழ வேண்டும், பிளந்தால் செடி அழுகும், கங்காணி சத்தம் போடுவார். அந்தக் கத்தியைக் கூடப்பிறந்த தம்பிக்குக்கூட இரவல் கொடுக்க மாட்டார்கள். "அவன் கைக்கு அது கேக்காதுல" என்பார்கள். கஞ்சத்தனம் என்று நினைத்திருந்தேன்.

இப்போது என் கதை. எங்கள் இடத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார். அவர் அப்பாவும் தோட்டத்தில் வேலை பார்த்தவர். நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன், அவர் என்னைத் தம்பி என்பார். 2018-ல் ஊருக்குப் போகும்போது இங்கிருந்து ஒரு மஷெட்டி வாங்கி, செக்-இன் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனேன். பளபளவென்று துருவேறா எஃகு, ரப்பர் பிடி. எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, அதே ஜாதியில் ஐம்பது இருக்கின்றன. அண்ணாச்சி வாங்கித் தடவிப் பார்த்தார். "நல்லாருக்கு தம்பி" என்றார். விறகுக் கொட்டகையில் மாட்டினார்.

அடுத்த வருடம் போனேன். கத்தி மாட்டிய இடத்திலேயே தொங்குகிறது, அட்டையில் ஒட்டியிருந்த லேபிள்கூடக் கிழியவில்லை. அண்ணாச்சி வழக்கமான கறுத்த வெட்டுகத்தியோடு சரிவில் நிற்கிறார். எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு தூரம் தூக்கி வந்திருக்கிறேன், ஒருநாள்கூடத் தொடவில்லையா? வாய் சும்மா இருந்ததா? "என்ன அண்ணாச்சி, நான் வாங்கிட்டு வந்தது பிடிக்கலியா?" என்று கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை என் மனம் நோகக்கூடாது என்பதற்காகவே அதை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

இரவு முழுக்க மழை. ஈற்றல் தூரில் நாலாவது வெட்டு. பிடி அவர் கையில் இருந்தது, தகடு இல்லை. ரப்பருக்குள் தகட்டின் வால் இரண்டு அங்குலம்கூட இல்லை, சுண்டுவிரல் கனம்கூட இல்லை. வெல்டிங் மாதிரி ஏதோ ஒன்று, அது முறிந்துவிட்டது. தகடு ஈற்றலில் பட்டுத் திரும்பி அவர் வலது முழங்காலுக்குக் கீழே இறங்கியது. நான் இருபதடி தள்ளிக் கையில் காபியோடு நின்றுகொண்டிருந்தேன். என் லுங்கியைக் கிழித்துக் கட்டி, ஜீப் பிடித்துக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஒன்பது தையல். எலும்பு தப்பியது. போகும் வழியில் அவர் எனக்கு ஆறுதல் சொன்னார், அதுதான் தாங்கவில்லை. "கத்தியக் குத்தம் சொல்லாதீங்க தம்பி. எனக்குப் பழகல, அவ்வளவுதான்."

கத்தியைத்தான் குற்றம் சொல்கிறேன். அதைவிட, அதைக் கொண்டுபோனவனை.

கால் ஆறுவதற்குள் எனக்கு லீவு முடிந்துவிட்டது. அடுத்த முறை போனபோது நெடுமங்காட்டுப் பக்கம் அவர் வழக்கமாகப் போகும் கொல்லனிடம் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். மலையாளத்தில் பட்டறையை 'ஆல' என்பார்கள். ஓலைக்கூரை போய்த் தகரம் வந்திருக்கிறது, துருத்திக்குப் பதில் மின்சார ஊதி, மற்றபடி உலை அதே உலை. நான் முன்னால் போய், பத்து அங்குலமா பன்னிரண்டா, எத்தனை கிராம் என்று ஆரம்பித்தேன். கொல்லன் என்னைப் பார்க்கவே இல்லை. அண்ணாச்சியைக் கைநீட்டச் சொன்னார். உள்ளங்கையைப் பார்த்தார், காய்ப்பு எங்கே இருக்கிறது என்று பெருவிரலால் தடவினார். பிறகு, "இடங்கையனாணோ?" என்றார்.

ஆமாம், அண்ணாச்சி இடதுகைக்காரர். பன்னிரண்டு வருடமாக எங்கள் நிலத்தை வெட்டுகிறவர். எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சு இல்லை, கத்தியின் கணக்கே அதில் இருக்கிறது. அந்தக் கொல்லன் வெட்டுகத்தியின் வாயை ஒரு பக்கமாகச் சரித்து அடிக்கிறவர், உளி மாதிரி. வலதுகைக்காரனுக்குச் சரித்ததை இடதுகைக்காரன் வீசினால் வெட்டு உள்ளே கடிக்காமல் வழுக்கி வெளியே போகும். சரிவு வேறு பக்கம், கால் வேறு பக்கம். இது எந்த நட்சத்திரத்திலும் இல்லை, எந்தக் கடைப் பக்கத்திலும் 'உங்கள் ஆள் எந்தக் கை' என்று கேட்பதில்லை.

அவர் வேலை செய்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். லாரியின் ஸ்பிரிங் பட்டைத் துண்டு. அதில் நூற்றுக்கு அரைப் பங்குக்குச் சற்று மேலே கார்பன், கொஞ்சம் சிலிக்கானோ குரோமியமோ சேர்ந்திருக்கும். அதிர்ச்சி தாங்குவதற்கென்றே செய்த எஃகு, பத்து டன் சுமையோடு பள்ளத்தில் விழுந்து எழுந்தது, ஈற்றலுக்கா முறியும்? காய்ச்சி அடித்து மூக்கை வளைத்தார். தோய்ச்சல் கொடுக்கும்போது வாய்ப்பக்கத்தை மட்டும் முக்கி எடுத்தார், முதுகை விட்டுவிட்டார். வாய் கடினமாக நிற்கும், முதுகு மெத்தாக இருந்து அடியை வாங்கிக்கொள்ளும். முழுக்க முக்கினால் கல்லில் பட்டதும் கண்ணாடி மாதிரி போகும். அந்த வளைந்த மூக்கும் அலங்காரம் இல்லை. கொடியைக் கொளுவி இழுக்க உதவும், தரையோடு வெட்டும்போது கல்லில் மூக்கு பட்டு வாய் தப்பும். பட்டையின் வால் பிடியின் மறுமுனை வரை போய் மடங்கியிருந்தது. பிடிக்குப் புளியங்கட்டை, முன்பக்கம் இரும்புப் பூண். பிடி வழவழப்பாக இல்லையே என்றேன். மழையில் வழவழப்பு எதற்கு என்று அண்ணாச்சி கேட்டார். 850 ரூபாய்.

நான் பி.காம். வங்கியில் கடன் மனுக்களைப் பார்த்தே தலை நரைத்தவன், எனவே ஒரு கணக்கு. எங்கள் இடத்துக்கு வருடம் இரண்டு முறை, இரண்டு ஆள், மூன்று நாள். பன்னிரண்டு ஆள்கூலி, ஒன்றுக்கு நான் கொடுப்பது 1,000 ரூபாய். அதிகம் என்று முகம் சுளிக்காதீர்கள். ரிசர்வ் வங்கிக் கையேட்டில் 2022-23-க்கே கேரளத்தின் சராசரி விவசாயத் தினக்கூலி 764 ரூபாய், நாட்டின் சராசரி 346. ஆக வருடம் 12,000. கைக்கு ஒவ்வாத கத்தி எட்டு மணி நேரத்தில் ஒரு மணியைத் தின்றால் 1,500 ரூபாய் போச்சு. கொல்லன் கத்தி எட்டு வருடம் உழைத்தால் வருடத்துக்கு நூற்றுச் சொச்சம் தேய்மானம். (இங்கே தேய்மானம் என்ற சொல் நிஜமாகவே தேய்மானம். தீட்டித் தீட்டிக் கத்தி பாதியாகும்.) ஒன்பது தையலை எந்தப் பத்தியில் எழுதுவது என்று எனக்குக் கற்றுத்தரவில்லை.

இனி வழக்கமாக வரும் பதில்கள்.

"ஊர்க் கத்தி துருப்பிடிக்குமே." பிடிக்கும். வேலை முடிந்ததும் துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவினால் பிடிக்காது. கேரளத்தில் தேங்காயெண்ணெய்க்குப் பஞ்சமா? துருப்பிடிக்காத மலிவுக் கத்தியில் வாய் நிற்காது, நிற்கும்படி கடினமாக்கினால் பல் விழும், விழுந்த பல்லைச் சரிவில் உட்கார்ந்து ஒரு அரத்தால் சரிசெய்ய முடியாது.

"அப்போ ஜேசிபி விட்டா ஒரே நாள்ல முடிஞ்சிடும்." முடியும். அடுத்த ஜூனில் உங்கள் மேல்மண்ணும் கல்லாற்றில் முடியும். சமவெளி மனைக்கு விடுங்கள், சரிவுக்கு வேண்டாம். பிரஷ் கட்டர் மெஷின் பரவாயில்லை, கல் இல்லாத இடத்தில். கல் இருந்தால் கண்ணாடி, கணுக்கால் எல்லாவற்றுக்கும் ஆபத்து.

"மருந்தடிச்சா?" திருவல்லாவில் வயலில் மருந்தடித்த இரண்டு தொழிலாளர்கள் 2019 ஜனவரியில் இறந்தபின், அடுத்த மாதமே கேரள அரசு கிளைபோசேட்டைத் தடை செய்தது. அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

"அருவா வச்சிருந்தா போலீஸ் பிடிக்காதா?" இதற்குக் கொஞ்சம் நிற்க வேண்டும். இந்தியாவின் ஆயுதச் சட்டம் 1959. அதன் விதிகளில் ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. ஆனால் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்தவை அதில் வராது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் காவல்துறை, அருவாள் செய்கிறவர்களும் விற்கிறவர்களும் வாங்குபவரின் பெயர், முகவரியைக் குறித்துவைக்கச் சொன்னது. நியாயம்தான், ஆனால் அந்த நிலைக்குக் கொண்டுவந்தது யார்? சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தியில் தலைமுறை தலைமுறையாகக் கதிரறுக்கவும் முள் வெட்டவும் அருவாள் அடித்தார்கள். 2005-ல் 'திருப்பாச்சி' வந்தபிறகு அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே நம் பிள்ளைகளுக்குச் சண்டைக் காட்சிதான் ஞாபகம் வருகிறது. எங்கள் வீட்டுச் சின்னவன் அண்ணாச்சியின் வெட்டுகத்தியைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "இதை வச்சு யாரையாவது வெட்டியிருக்காரா?"

இங்கிலாந்தில் 2024 செப்டம்பர் 24-ல் வந்த தடையைப் பாருங்கள். எட்டு அங்குலத்துக்கு மேல் கூர்முனையோடு இருந்து, ரம்பப் பல், பல ஓட்டைகள், முட்கள் என்று பயமுறுத்தும் சமாச்சாரம் ஒட்டியிருந்தால் தடை. வேலைக்கு மட்டும் செய்த சாதாரண மஷெட்டி அந்த வலையில் விழவில்லை. நண்பர் கைபேசியில் காட்டியதில் இரண்டு அடையாளம் இருந்தது. விக்டோரியாவில் இந்த நுணுக்கம் கிடையாது, 20 சென்டிமீட்டர் தாண்டினால் எல்லாம் ஒன்று, விவசாயம் போன்ற சில தேவைகளுக்கு மட்டும் விலக்கு. இங்கே கொல்லைப்புறத்துக்கு மரம் வெட்டும் ரம்பமும் கத்தரியும் போதும், ஊர் வெட்டுகத்தியைப் பெட்டியில் வைத்து இங்கே கொண்டுவர வேண்டாம், தயவுசெய்து.

நீங்களே ஊரில் இறங்கி வெட்டுகிற ஆள் என்றால் என் ஆட்சேபம் வாபஸ். கொல்லனிடம் உங்கள் கையைக் காட்டுங்கள். வாங்குமுன் நூலில் கட்டித் தொங்கவிட்டுத் தட்டிப் பாருங்கள், கணீர் என்று கேட்க வேண்டும், பொத்தென்று கேட்டால் உள்ளே வெடிப்பு. வாயில் அரத்தை வைத்து ஒரு இழுப்பு, வழுக்கினால் ரொம்பக் கடினம், வெண்ணெய் மாதிரி இறங்கினால் மெத்து, கரகரவென்று கடித்தால் சரி. வெய்யிலில் வாயைப் பார்த்தால் வெள்ளைக் கோடு தெரியக்கூடாது, தெரிந்தால் தீட்டு போதவில்லை. ரப்பர்த் தோட்டத்திலும் தேயிலையிலும் சருகுக்குள் குழிவிரியன் படுத்திருக்கும், நம் ஆஸ்பத்திரிகளில் வழக்கமாக உள்ள விஷமுறிவு மருந்து நாலு பாம்புக்குத்தான், அதில் இது சேர்த்தி இல்லை. அதனால் இடது கைக்குக் கவைக்கம்பு, காலுக்குப் பூட்ஸ். (அண்ணாச்சிக்கு வலது கைக்கு.) அட்டைக்குப் புகையிலைத் தண்ணீர், அதற்கு மேல் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

அந்த விதுரா நண்பர் தீபாவளிக்கு மறுவாரம் கூப்பிட்டார். மஷெட்டியை வாங்கவில்லை, தன் ஆளுக்கு 2,000 ரூபாய் அனுப்பி, "உங்களுக்கு வேணுங்கிறத அடிச்சுக்கோங்க" என்று சொன்னாராம். அந்த ஆள் ஒரு வெட்டுகத்தியும் ஒரு கூந்தாலியும் வாங்கி, மீதி 280 ரூபாயைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். நண்பர் அதைச் சொல்லிவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். பிறகு மெதுவாக, "அண்ணே, அவர் எந்தக் கைக்காரர்னு எனக்கும் தெரியல" என்றார்.

நேற்று அண்ணாச்சியிடம் பேசினேன். கத்தி நன்றாக இருக்கிறது, பிடி மட்டும் ஆடுகிறதாம். புதுப்பிடிக்குக் கொல்லன் 150 கேட்கிறார்.